கொங்குச் சீமையில் வீடு கட்டுகிறீர்களா? எல்லை, விதி, பக்கத்து வீட்டுப் புகார்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் புறநகர்களில் சோளக்காடும் தென்னந்தோப்புமாக இருந்த பூமியெல்லாம் சைட்டாகிக்கொண்டே வருகிறது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ இங்கே வந்து, மூன்று சென்டோ ஐந்து சென்டோ கிரயம் பண்ணி, பேங்க் கடனில் வீடு எழுப்புகிறவர்களுக்கு முதல் சிக்கல் பெரும்பாலும் சென்ட்ரிங் அடிக்கும்போது வரும். பக்கத்து வீட்டுக்காரர் மதிலோரம் வந்து நின்று, “ஏனுங்க, உங்க சன்ஷேடு எங்க எடத்துக்குள்ள வருதுங்களே?” என்பார். இல்லாவிட்டால் மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, “புகார் வந்திருக்குதுங்க, பிளானைக் காட்டுங்க” என்பார்.

இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஆனால் முதலாவது எல்லைத் தகராறு. அதைத் தீர்க்கிற இடம் நில அளவைத் துறையும் சிவில் கோர்ட்டும். இரண்டாவது கட்டட விதி. அதற்கு உள்ளாட்சி அமைப்பும் நகர் ஊரமைப்புத் துறையும் பொறுப்பு. பிளான் அப்ரூவல் கையில் இருப்பதால் நிலம் உங்களுடையது என்று ஆகிவிடாது. நிலம் உங்களுடையது என்பதால் இஷ்டப்படி கட்டலாம் என்றும் ஆகாது. எல்லைத் தகராறுக்கு மாநகராட்சியில் மனு மேல் மனு கொடுத்து அலைகிறவர்களையும், விதிமீறல் நோட்டீஸுக்குக் கிரயப் பத்திரத்தை எடுத்து நீட்டுகிறவர்களையும் நான் தொடர்ந்து பார்க்கிறேன். காலமும் காசும் போவது இந்தக் குழப்பத்தில்தான்.

சொத்துரிமை 1978இல் வந்த 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு அடிப்படை உரிமை இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 300ஏ பிரிவு, சட்டத்தின் வழியில்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்கிறது. எவ்வளவு உயரம், எவ்வளவு தள்ளி என்று அரசு விதி போடலாம். நடைமுறையைப் பின்பற்றாமல் உங்கள் சுவரில் கை வைக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போவோம்.

1. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

எல்லோரும் விலையையும் பெயரையும் சரிபார்ப்பார்கள். வம்பு இருப்பது சொத்து விவரத்தில். இந்தப் பக்கத்துப் பத்திரங்களில் சக்குபந்தி என்று நான்கு பக்க எல்லையையும் எழுதி, பிறகு அளவு இப்படி வரும்: “இதன் மத்தியில் கிழமேலடி வடபுறம் 40, தென்புறம் 38½, தென்வடலடி இருபுறமும் 50.” கிழமேலடி என்றால் கிழக்கு மேற்காக அடிக்கணக்கு, தென்வடலடி என்றால் தெற்கு வடக்காக. கணக்குப் போட்டால் 1962½ சதுர அடி, ஏறக்குறைய நாலரை சென்ட். வீதி வடக்கே இருக்கிறது. மேஸ்திரி வீதியோரம் 40 அடி அளந்து, அங்கிருந்து நேராகக் கயிறு பிடித்துக் கடைக்கால் தோண்டிவிட்டால், பின்பக்க மூலையில் ஒன்றரை அடி பக்கத்து சைட்டுக்குள் போய்விடும். காலி சைட்டாக இருக்கும்வரை கேட்க ஆள் இருக்காது. அந்த சைட்டுக்காரர் கட்ட வரும் அன்றைக்குச் சண்டை ஆரம்பிக்கும்.

இன்னொரு வரியையும் தேடுங்கள்: “மாமூல் வண்டித்தடத்தில் போக வரப் பாத்தியம் சகிதம்.” காடு, தோட்டமாக இருந்த பூமியைப் பிரித்த இடங்களில் இந்த வரி உயிர்நாடி. உங்கள் பத்திரத்தில் இருந்தால் உங்களுக்குத் தட உரிமை உண்டு. பின்னாலுள்ள பூமிக்காரர் பத்திரத்தில் இருந்து, தடம் உங்கள் இடத்தில் போகிறது என்றால் அதை நீங்கள் மறிக்க முடியாது. எழுத்தில் இல்லாவிட்டாலும், 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்துவந்த தடத்துக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. கிராமத்து ஓரங்களில் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பழைய இட்டேரியைக் கம்பி வேலி போட்டு அடைத்தால் ஊரே எதிரே நிற்கும். சட்டமும் பெரும்பாலும் ஊர் பக்கம்தான் இருக்கும்.

2. அளந்து, கல்லைப் பார்த்து, பிறகு கடைக்கால்

‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் பட்டாவையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நிலம் தளத்தில் அளவைக்கு மனுப் போட்டுப் பணம் கட்டினால் அரசு சர்வேயர் வந்து எல்லையை அத்துக் காட்டுவார். அன்றைக்கு நான்கு பக்கத்துக்காரர்களையும் நேரில் போய் அழைத்துவிடுங்கள். அவர்கள் கண் முன்னால் நட்ட பொழிக்கல்லுக்கு இருக்கிற மதிப்பு வேறு. தனியார் சர்வேயர் அளவு கட்டட வேலைக்கு உதவும். ஆனால் தகராறு என்று வந்தால் எதிர்த்தரப்பு அதை ஒப்புக்கொள்ளாது.

புலப்படத்தில் ஓடை, வாய்க்கால், பள்ளம் ஏதும் ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். கொங்கில் பள்ளம் என்றால் வெறும் குழி இல்லை, மழைநீர் ஓடும் ஓடை. கோவையின் சங்கனூர்ப் பள்ளம் பலருக்கும் தெரிந்தது. பத்து வருஷம் வறண்டு கிடந்து, ஒரு ஐப்பசி மழையில் வீட்டுக்குள் வரும். நீர்வழிப் புறம்போக்கில் ஒரு அடி ஏறியிருந்தாலும் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பாயும். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அங்கே உங்களைக் காப்பாற்றாது.

3. அப்ரூவலில் என்ன பார்க்க வேண்டும்

தமிழ்நாடு முழுவதற்கும் இப்போது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பொருந்தும். 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையம் வழியே உடனே அனுமதி கிடைக்கும். முன்கூட்டி யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். இதைச் சலுகையாக மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த விவரம் தவறென்றால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

சைட் விற்கிறவர் “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க” என்றால் நிறுத்திக் கேளுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்குத்தான் அந்த வழி. டிடிசிபி அனுமதியோ வரன்முறை ஆணை நகலோ இல்லாத மனையில் பணம் போடாதீர்கள்.

தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கம் மேற்கு மலை அடிவாரத்தில் வாங்கினால் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் அந்தக் கிராமம் வருகிறதா என்று கேளுங்கள். சூலூர் விமானப்படைத் தளம், பீளமேடு விமான நிலையம் அருகில் என்றால் உயரத்துக்குத் தடையின்மைச் சான்று வேண்டியிருக்கலாம்.

4. பக்கத்து வீட்டுக்காரர் எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது

சண்டை அதிகம் நடப்பது இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற மூன்று நான்கு அடியில்தான். பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது வீதி அகலம், மனை அகலம், வீட்டு உயரம் மூன்றையும் பொறுத்து மாறும். ஊரில் யாரோ சொன்ன அளவை நம்ப வேண்டாம். உங்கள் அனுமதி வரைபடத்தில் அச்சிட்டிருக்கிற அளவுதான் உங்களுக்கு வேதம். மேஸ்திரி கையில் அதன் நகல் ஒன்று இருக்கட்டும்.

பலரும் தெரியாமல் இருப்பது இது: விதிப்படி இடம் விட்டுக் கட்ட, பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் தேவையில்லை. அதேபோல, அவர் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் விடவேண்டிய இடத்தை விடாமல் கட்டியது முறையாகிவிடாது. “அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க” என்று நம்பிச் சுவரை ஒட்டி எழுப்பாதீர்கள். அந்த அண்ணன் வீட்டை விற்றுவிட்டுப் போவார். வாங்க வருகிறவருக்கு அந்த வாக்குறுதி கட்டுப்பாடு இல்லை.

சன்ஷேடு, பால்கனி, பைப், ஏசி யூனிட், மதிலின் கடைக்கால் எதுவானாலும் காற்றிலும் மண்ணுக்கடியிலும்கூட எல்லை தாண்டக் கூடாது. மொட்டை மாடித் தண்ணீர் அடுத்தவர் இடத்தில் கொட்டக் கூடாது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் தண்ணீரைச் சொந்தக் குழிக்குத் திருப்புவதே விதிக்கும் உறவுக்கும் நல்லது.

ஜன்னல் விஷயத்தில் இரு பக்கமும் தப்பாகப் பேசுவார்கள். உங்கள் இடத்துக்குள், விதிப்படி தள்ளி ஜன்னல் வைத்தால், “எங்க வீடு தெரியுது” என்பதற்காக மட்டும் அவர் அதை மூடச் சொல்ல முடியாது. அதே சமயம், அவர் தன் இடத்தில் மாடி எழுப்பி உங்களுக்கு வெளிச்சம் குறைந்தால் நீங்களும் தடுக்க முடியாது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கோர அதே 20 வருஷ அனுபவம் வேண்டும். புது வீட்டுக்கு அது ஏது? அதனால்தான் வெளிச்சத்தை அடுத்தவர் காலி சைட்டை நம்பித் திட்டமிடாதீர்கள் என்கிறேன்.

போர் போடுவது இன்னொன்று. ஆயிரம் அடிக்குக் கீழே போனாலும் தண்ணீர் நிச்சயமில்லாத ஊர்களில், திருச்செங்கோட்டு ரிக் வண்டி வீதிக்குள் நுழைந்தாலே பக்கத்துக்காரர் வயிறு கலங்கும். “எங்க போர் வத்திப்போயிரும்” என்பது உண்மையான பயம். ஆனால் நிலத்தடியில் தனித் தடமாக ஓடாமல் ஊறி நிற்கிற நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நிலக்காரருக்கு உண்டு என்பதை 1882 சட்டமே சொல்கிறது. ஓட்டுவதற்கு முன் உள்ளாட்சி அனுமதி வாங்கியிருக்க வேண்டும், கைவிட்ட குழியை மூட வேண்டும். இரண்டும் செய்திருந்தால் அவரால் நிறுத்த முடியாது. ரிக் ஓட்டும் நேரத்தை மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், வயசானவர்களும் கைக்குழந்தையும் இருக்கிற வீடாக இருக்கலாம்.

தென்னை சாய்ந்து உங்கள் பக்கம் வந்தால் உங்கள் எல்லைக்குள் வந்த கிளையையும் மட்டையையும் நீங்கள் வெட்டலாம். அதற்காக அவர் இடத்துக்குள் ஏற முடியாது. மரமே விழுகிற நிலை என்றால் போட்டோவோடு உள்ளாட்சிக்கு எழுதுங்கள்.

5. வீதி உங்களுடையது இல்லை

கார் ஏற்றச் சாக்கடை மேல் கான்கிரீட் சாய்தளம் போடுவது இங்கே எல்லா வீதியிலும் உண்டு. எல்லோரும் போட்டிருக்கிறார்கள் என்பது பதிலாகாது. சாக்கடை அடைத்துத் தண்ணீர் மேட்டுப்பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும்போது முதலில் இடிபடுவது அதுதான். வீதியில் கட்டியதற்கு, பின்னால் சொல்லப்போகிற முன்னறிவிப்புப் பாதுகாப்பும் இல்லை. எல்லைக்குள் கேட்டைத் தள்ளி வைத்துச் சாய்வை உள்ளே கொண்டுவாருங்கள். மணலும் ஜல்லியும் ஒரு பக்கமாக, ஒரு வண்டி போகிற இடம் விட்டுக் கொட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பகை பாதி இந்த ஜல்லிக் குவியலில் ஆரம்பிக்கிறது.

6. வீட்டுக்குள் தொழில்

கொங்கில் வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. திருப்பூர் வீதிகளில் வாசலறையில் பனியன் தைக்கிற நாலு பவர்டேபிள், கோவையில் பின்புறம் ஒரு லேத்து, சோமனூரிலும் பள்ளிபாளையத்திலும் தறிச் சத்தம். இதை வெறும் விதிமீறலாகப் பார்க்கிறவர்கள் இந்த ஊரின் சோறு எங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்காகத் தூங்க முடியாத பக்கத்து வீட்டுக்காரரின் புகார் பொய்யாகிவிடாது.

நீங்கள் தொழில் வைப்பவர் என்றால்: உங்கள் மனை முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எந்த உபயோக வகையில் வருகிறது, அங்கே எத்தனை குதிரைத்திறன் வரை அனுமதி என்று உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டு மின் இணைப்பில் மிஷின் ஓட்டாதீர்கள். குடிசைத் தொழிலுக்கும் விசைத்தறிக்கும் தனிக் கட்டண வகை இருக்கிறது, மாற்றாமல் ஓட்டினால் மின்வாரிய அபராதம் வரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். மிஷினுக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டு, சுவரிலிருந்து தள்ளி வைத்தாலே அதிர்வுப் புகாரில் பெரும்பகுதி அடங்கும். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ராத்திரி வேலை தவிர்க்க முடியாது என்றால், அந்த வாரத்தில் பக்கத்து வீட்டில் முதலிலேயே போய்ச் சொல்லுங்கள்.

நீங்கள் வீடு வாங்குகிறவர் என்றால்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி அந்த வீதிக்குப் போய் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்குத் தறி ஓடாது. எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு. தலைமுறையாகத் தறி ஓடுகிற வீதியில் தெரிந்தே வாங்கிவிட்டு, குடிவந்த மாதமே புகார் எழுதுவது நியாயம் இல்லை. சட்டத்தில் இடம் இருக்கலாம். முதலில் நேரத்தைப் பேசித் தீருங்கள்.

7. உங்கள் மேல் புகார் வந்தால்

வாசலில் நின்று கத்தாதீர்கள். “அளந்து பார்த்துக்கலாங்க, தப்பிருந்தா நானே எடுத்தர்றேனுங்க” என்ற ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் மரியாதை அதிகம். சொன்னபடி அளக்கவும் செய்யுங்கள். அவர் சொல்வது சரியென்று தெரிந்தால் தளம் போடுவதற்கு முன் திருத்துவதே மலிவு. அளந்த தேதி, வந்தவர்கள், அளவு எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்தால் போங்கள். மனு ரசீது எண்ணைக் கேளுங்கள். எல்லையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஸ்டேஷனுக்கு இல்லை. அடிதடி வராமல் பார்ப்பதே அவர்கள் வேலை. இத்தனை அடி விட்டுக்கொடுக்கிறேன் என்று அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். “வக்கீலைக் கேட்டுச் சொல்றேனுங்க” என்று சொல்வது உங்கள் உரிமை.

மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியிலிருந்து வாய்மொழியாக நிறுத்தச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 57ஆவது பிரிவு வேலையை நிறுத்தும் நோட்டீஸ். 56ஆவது பிரிவு மீறலை அகற்றச் சொல்லும் நோட்டீஸ். எந்தப் பிரிவு, எந்த அளவில் மீறல், எத்தனை நாள் கெடு என்று முதலில் பாருங்கள். நிறுத்து என்ற நோட்டீஸ் வந்தபின் ராவோடு ராவாகத் தளம் போட்டு முடிப்பவர்கள் உண்டு. அது உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வது. 56க்கு வேறு கதவும் உண்டு: கெடுவுக்குள் 49ஆவது பிரிவில் அனுமதி கேட்டு விண்ணப்பித்து, விதிக்குள் அடங்குகிறதைக் காப்பாற்றலாம். பதிலை ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள்.

இடிப்பு என்ற பேச்சு வந்தால், 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, தபாலிலும் கட்டடத்தில் ஒட்டியும் தர வேண்டும், உங்கள் தரப்பை நேரில் கேட்க வேண்டும். வீதி, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் கட்டியதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

“நான் ஆபீஸ்ல பார்த்துக்கறேனுங்க, கொஞ்சம் செலவாகும்” என்று ஒருவர் நடுவில் வருவார். கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தால் மீறல் மறையாது, அடுத்த புகாருக்கு அதே ஆள் மறுபடி வருவார்.

8. நீங்கள் புகார் கொடுக்க வேண்டியிருந்தால்

பக்கத்து வீட்டுக் கட்டடம் விதியை மீறுகிறது என்று சந்தேகமா? முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த வீட்டின் அனுமதி வரைபடத்தை உள்ளாட்சியில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடம் கையில் வந்தபின் எழுதுகிற புகாருக்கு எடை கூடும். சில சமயம் அவர் சரியாகத்தான் கட்டுகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

மனுவை ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ ஊராட்சிக்கோ கொடுங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், 1100 என்ற முதல்வரின் உதவி எண். சாக்கடை நீர், புகை போன்று வீதிக்கே தொல்லை தரும் விஷயம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். இது பழைய சட்டத்தின் 133ஆவது பிரிவுதான்.

சுவர் உங்கள் இடத்துக்குள் ஏறுகிறது என்றால் இந்தப் படிகளிலெல்லாம் மாதக்கணக்கில் அலையாதீர்கள். நேராக முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேளுங்கள். கட்டி முடிந்த வீட்டை இடிக்க வைப்பதைவிட, கடைக்காலில் நிறுத்துவது எவ்வளவோ சுலபம். பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, புலப்படம், சர்வேயர் அளவு, தேதி விழுந்த போட்டோ இவை இருந்தால் வக்கீல் அன்றைக்கே மனு எழுதிவிடுவார். வக்கீல் கட்டணம் முடியாதவர்கள் கோர்ட் வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். சொத்து மனைவி பெயரில் இருந்தால் அந்த அம்மாவே போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும்.